நாடா கட்டாத செடிகள்

பெவ் டோல்வினின் கத்தரி மழுங்கிப் போயிருந்தது. பள்ளிக்கூட பஸ் ஓட்டுகிறவள், எதையும் பலத்தால் சாதித்துப் பழகிய கை. ஊதா நிற டேலியாப் பூ ஒன்றைக் கோழிக் கழுத்தைத் திருகுவது போலத் திருகிக்கொண்டிருந்தாள். பார்க்கப் பொறுக்காமல், "தள்ளு பெவ், பாவம் அது, நான் வெட்டித் தர்றேன்" என்று என் கத்தரியோடு செடியின் அடியில் குனிந்தேன். காம்பு நீளமாக வேண்டும் என்றால் அடியில்தான் வெட்ட வேண்டும். இலைகளை விலக்கினேன். தண்டின் அடியில் நாடா இல்லை.

அவிழ்ந்து விழுந்திருக்கும் என்று மண்ணைத் துழாவினேன். இல்லை. பக்கத்துச் செடியிலும் இல்லை, அதற்கடுத்ததிலும் இல்லை. முட்டி போட்டபடியே வரிசை நெடுக நகர்ந்துபோனேன். "ஏண்டி லினெட், பச்சப்புள்ள மாதிரி தவழ்ந்து எங்க போற? என் பூவ வெட்டிக் குடுத்துட்டுப் போ" என்று பெவ் பின்னாலிருந்து கூப்பிட்டாள். காதில் விழுந்தது, நான் அடுத்த செடியின் இலைகளை விலக்கிக்கொண்டிருந்தேன்.

நாடா என்றால் பெரிய சமாசாரம் ஒன்றும் இல்லை. ஆரஞ்சு நிறப் பிளாஸ்டிக் நாடா, அதில் அழியாத மையில் செடியின் பெயர். ஆனால் எங்கள் பிழைப்பே அதில்தான் கட்டியிருந்தது. டேலியாவுக்குப் பூ இருக்கும்வரைதான் முகம். உறைபனி ஓர் இரவு தொட்டால் போதும், காலையில் தோட்டம் முழுக்க வெந்த கீரை மாதிரி கறுத்துத் தொங்கும். அதற்குப் பிறகு மண்ணைக் கிளறிக் கிழங்கை எடுத்தால் சிவப்புப் பூவின் கிழங்கும் வெள்ளைப் பூவின் கிழங்கும் ஒரே ஜாடை, பெற்ற தாய்க்கே அடையாளம் தெரியாது. எடுக்காமல் மண்ணிலேயே விட்டால் விஸ்கான்சின் குளிரில் அழுகிப்போகும். பூ விற்றுக் கிடைப்பது கைச்செலவுக்கு. வசந்தத்தில் பெயர் எழுதித் தபாலில் அனுப்புகிறோமே, அந்தக் கிழங்குதான் சோறு போடுவது. மற்றப் பண்ணைகளில் வரிசைக்கு ஒரு வகை என்று நடுவார்கள். எங்கள் ஹாகன் குடும்பத்தில் அந்த வழக்கம் இல்லை. என் மாமனார் லோவெலின் அப்பா காலத்திலிருந்து எல்லா வகையையும் கலந்துதான் நடுவது. ஒரு வகைக்கு நோய் வந்தால் வரிசையோடு போகக் கூடாதாம், சாலையில் போகிறவன் காரை நிறுத்தி வாயைப் பிளக்க வேண்டுமாம். அந்தப் பிடிவாதத்துக்கு முட்டி தேய உழைத்தவர் என் மாமியார் ஆர்டிஸ். செப்டம்பர் வந்தால் செடி செடியாகக் குனிந்து, பூவைப் பார்த்து, பெயரை எழுதி, கட்டிக்கொண்டே போவார். எல்லாப் பெயரும் தெரிந்தது அவர் ஒருவருக்குத்தான். எனக்குக் கொஞ்சம் தெரியும். லோவெலுக்குச் சுத்தமாகத் தெரியாது, எல்லாவற்றையும் "அழகி" என்பார்.

அன்றைக்குக் கடைசி வெட்டு. இரவு உறைபனி என்று வானொலி காலையில் சொன்னதுமே லோவெல் சமையலறைச் சுவரில் இருந்த தொலைபேசியை எடுத்து ஏழெட்டுப் பேருக்குச் சொல்லிவிட்டார். அவ்வளவுதான் தேவை, மீதியை ஊர் பார்த்துக்கொள்ளும். மத்தியானத்துக்குள் வாளியும் கத்தரியுமாக எல்லோரும் வந்துவிட்டார்கள். அன்றைக்குப் பூவுக்கு விலை கிடையாது. பனிக்கு ஒரு பூவைக்கூட விடக் கூடாது என்பதுதான் சட்டம். பெரிய பெரிய தட்டு அளவுப் பூக்கள், பந்து போன்றவை, முள்ளுமுள்ளாக நிற்பவை, எல்லாம் குழந்தைகளின் கைகளிலும் தொப்பிகளிலும் காரின் பின்சீட்டிலும் ஏறிக்கொண்டிருந்தன. தன்னார்வத் தீயணைப்புப் படையின் தலைவர் வென்டெல் வைக்கோல் வண்டியில் உட்கார்ந்து அக்கார்டியன் வாசித்தார். அந்த வாத்தியத்துக்குத் தீப்பிடித்தால் அணைக்க யாரும் போகமாட்டோம் என்று ஒவ்வொரு வருஷமும் சொல்வோம், ஒவ்வொரு வருஷமும் ஆடுவோம். கொட்டகை வாசலில் நீள மேசை போட்டு, பெரிய பாத்திரத்தில் பீன்ஸும் இறைச்சியும் கொதித்துக்கொண்டிருந்தது. பக்கத்தில் சுடவைத்த ஆப்பிள் சாறு, சர்க்கரை தூவிய டோனட், அவற்றை மொய்க்கும் குளவிகள். காற்று நின்றுவிட்டிருந்தது. மேகம் ஒன்றுகூட இல்லாத நீலம். அப்படி ஒரு வானம் இருந்தால் அன்று இரவு பனி நிச்சயம்.

எனக்கு அந்த நாள் என்றால் உயிர். நான் மில்வாக்கி நகரத்தில், ஒரு சலவைக் கடைக்கு மேலே மாடி வீட்டில் வளர்ந்தவள். ஜன்னலைத் திறந்தால் சோப்பு வாசம்தான். என் கணவன் நெல்ஸ் முதல்முறை என்னை இங்கே கூட்டிவந்தது ஓர் ஆகஸ்ட் மாதம். அவனைக் கட்டிக்கொள்ளலாமா வேண்டாமா என்று அதுவரை இருமனதாக இருந்தேன், தோட்டத்தைப் பார்த்த பிறகு யோசிக்கவே இல்லை. இதை அவனிடமே சொல்லியிருக்கிறேன். "அப்ப எனக்குக் கல்யாணத் தரகரு டேலியாதான்" என்று சிரிப்பான். அவன் பால் வண்டி ஓட்டுகிறவன், பூவில் ஈடுபாடு இல்லை. லோவெலின் இடுப்பு எலும்பு தேய்ந்துபோய், இனி முடியாது என்று அவர் கோடையில் கையை விரித்தபோது, நான் எடுத்துக்கொள்கிறேன் என்று சொன்னது நான்தான். ஊர் வங்கியில் கவுண்ட்டரில் இருந்த வேலையை விட்டேன். முந்தின வெள்ளிக்கிழமைதான் கேக் வெட்டி வழியனுப்பினார்கள், என் நாற்காலியில் அடுத்த ஆள் உட்கார்ந்தாகிவிட்டது. வரும் வசந்தத்திலிருந்து தோட்டம் என்னுடையது. அன்றைக்குக் காலையிலிருந்து நான் தரையில் நடக்கவில்லை, அவ்வளவு சந்தோஷம்.

அந்தச் சந்தோஷம் எல்லாம் இப்போது எங்கே போனதென்று தெரியவில்லை. நான்காவது வரிசை, ஐந்தாவது வரிசை, கிணற்றடி ஓரம், சாலையோரம் என்று ஓடி ஓடிப் பார்த்தேன். எங்குமே நாடா இல்லை. சாலைப் பக்கத்துப் பாதி ஏற்கெனவே மொட்டையாகிவிட்டிருந்தது, வெட்டுப்பட்ட பச்சைத் தண்டுகள்தான் நின்றன. அந்தச் செடிகள் எது எது என்று இனி யாரால் சொல்ல முடியும்? ஆர்டிஸ் மறந்துவிட்டார் என்றுதான் நினைத்தேன். வயதாகிறது, முட்டி வலி, சொல்லக் கூச்சப்பட்டிருப்பார். வேறெதுவும் எனக்குத் தோன்றவில்லை. மேசைக்கு ஓடினேன்.

ஆர்டிஸ் ஒரு குழந்தைக்கு ஆப்பிள் சாறு ஊற்றிக்கொண்டே அக்கார்டியனுக்கு ஏற்ப இடுப்பை ஆட்டிக்கொண்டிருந்தார். வருஷம் முழுக்க உதட்டை இறுக்கி வைத்திருக்கும் மனுஷி, கடைசி வெட்டு அன்று மட்டும் கல்யாணப் பெண்ணைப் போல இருப்பார். பூவின் மேல் அவருக்கு இருக்கும் பிரியம்தான் அப்படி வெளிப்படுகிறது என்று ஊரே சொல்லும், நானும் சொல்லியிருக்கிறேன்.

"ஆர்டிஸ், செடியில நாடா இல்ல."

"ஆமா."

"எந்த வரிசையிலயும் இல்ல."

"தெரியும் கண்ணு. கட்டுறவ நான்தானே?" என்று ஒரு கோப்பையை என் கையில் வைத்தார். "குடி, சூடா இருக்கு."

"மறந்துட்டீங்களா? முட்டி வலின்னா என்கிட்ட ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம்ல, நான் கட்டியிருப்பேனே."

"கட்டியிருப்ப. அதனாலதான் சொல்லல."

சிரிக்கிறாரா என்று முகத்தைப் பார்த்தேன். சிரிப்பு இருந்தது, ஆனால் அது விளையாட்டுச் சிரிப்பு இல்லை. கரண்டியைப் பக்கத்தில் இருந்த ஒரு பெண்ணிடம் கொடுத்துவிட்டு என் முழங்கையைப் பிடித்துக் கொட்டகைக்குள் கூட்டிக்கொண்டு போனார். உள்ளே, கிழங்குகளைப் பரப்பி வைக்கக் கழுவிக் காயவைத்திருந்த மரப்பெட்டிகள் ஒன்றன் மேல் ஒன்றாக நின்றன. அவற்றைக் கழுவியவள் நான். இரண்டு நாள் வேலை.

"எனக்கு இந்தப் பூவக் கண்டாலே ஆகாது லினெட்" என்றார். "ஆகவே ஆகாது. நான் இங்க வந்த வருஷத்துலேர்ந்து. மே மாசம் நடு, ஜூன்ல நுனியக் கிள்ளு, ஜூலையில குச்சி கட்டு, ஆகஸ்ட் முச்சூடும் விடியறதுக்கு முன்னாடி வெட்டு. எங்க அக்கா செத்தது ஆகஸ்ட்டு. கல்யாண ஆர்டர் இருந்துச்சு, அடக்கத்துக்குப் போகல. வெள்ளைப் பூவா வெட்டி வெட்டி வாளியில போட்டுக்கிட்டே அழுதேன். பனி வருதேன்னு ஊரே மூஞ்சியத் தொங்கப்போடும். நான் மட்டும் உள்ள கடவுளக் கும்பிட்டுக்கிட்டிருப்பேன், சீக்கிரம் வா, சீக்கிரம் வான்னு. இந்த ஒரு நாள்தான் எனக்குத் திருநாள். நாளைக்குக் காலையில எல்லாம் செத்திருக்கும்ல."

பன்னிரண்டு வருஷம் ஒரே மேசையில் சாப்பிட்டிருக்கிறோம். இந்தப் பெண்ணின் கையைப் பார்த்துத்தான் கிழங்கு பிரிக்கக் கற்றுக்கொண்டேன். அந்தக் கை வெறுப்போடு வேலை செய்தது என்று எனக்கு ஒருநாள்கூடத் தெரியவில்லை என்றால் நான் என்ன கண்ணை வைத்துக்கொண்டு இருந்தேன்?

"லோவெல்கிட்ட சொல்லியிருக்கலாமே" என்றேன்.

"அவருக்கு இது உசுரு. எப்பிடிச் சொல்றது? இப்ப இடுப்பு போச்சு, அவரே விடுறேன்னாரு. அப்பாடா, முடிஞ்சுதுன்னு இருந்தேன். பாத்தா நீ வேலைய விட்டுட்டு வந்து நிக்கிற."

"நான் ஆசைப்பட்டுத்தான் வந்தேன்."

"நானும் எங்க மாமியார்கிட்ட அப்பிடித்தான் சொன்னேன்" என்றார் ஆர்டிஸ்.

கோபம் அப்போதுதான் வந்தது, வந்த வேகத்தில் கோப்பையிலிருந்த சாறு கையில் சிந்திச் சுட்டது. "எனக்கு எது வேணும்னு முடிவு பண்ண நீங்க யாரு? ஒரு வார்த்த கேட்டீங்களா?" என்று கத்திவிட்டேன். அவர் ஏப்ரனால் என் கையைத் துடைத்தார். மெதுவாகத்தான் துடைத்தார். "எனக்கு அப்ப யாராவது முடிவு பண்ணியிருந்தா நல்லாயிருந்திருக்கும்" என்றார். பிறகு வெளியே போய், கரண்டியைத் திரும்ப வாங்கிக்கொண்டு, அடுத்த கோப்பையில் ஊற்ற ஆரம்பித்துவிட்டார்.

கொட்டகை இருட்டில் எத்தனை நேரம் நின்றேனோ. வெளியே சிரிப்பும் கத்தரிச் சத்தமும் கேட்டுக்கொண்டே இருந்தன. ஒவ்வொரு கத்தரிச் சத்தத்துக்கும் ஒரு பெயர் போகிறது. அது உறைத்தபோது அலமாரியிலிருந்து நாடாச் சுருளையும் பேனாவையும் எடுத்துக்கொண்டு ஓடினேன். வைக்கோல் வண்டியில் ஏறி, வென்டெலின் தோளைப் பிடித்துக்கொண்டு, "வெட்டாதீங்க! யாரும் வெட்டாதீங்க! அப்பிடியே நில்லுங்க!" என்று தொண்டை கிழியக் கத்தினேன். அக்கார்டியன் ஒரு முனகலோடு நின்றது. கடைசி வெட்டு நாளில் வெட்டாதே என்று அந்த ஊரில் யாரும் யாரிடமும் சொன்னதில்லை. கத்தரியைத் திறந்தபடியே எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். இவளுக்குப் பைத்தியம் பிடித்துவிட்டது என்று நினைத்திருப்பார்கள். ஒரு குழந்தை அழ ஆரம்பித்தது.

மேசைக்குப் பக்கத்தில் நாற்காலியில் இருந்த லோவெல் கைத்தடியை ஊன்றி எழுந்தார். "என்னம்மா ஆச்சு? யாருக்காவது அடியா?"

ஆர்டிஸ் என்னைப் பார்த்தார். சொல்லாதே என்று அந்தக் கண்கள் கெஞ்சவில்லை. அதுதான் எனக்கு இன்னும் கஷ்டமாக இருந்தது. "செடியில நாடா கட்டல லோவெல். நான் கட்டறேன்னு சொல்லியிருந்தேன், மறந்துட்டேன்" என்றேன். அந்தப் பொய் எங்கிருந்து வந்தது என்று தெரியாது, வந்துவிட்டது. கூட்டத்தில் ஒரு மூச்சு இழுக்கும் சத்தம். பூ வளர்க்காதவர்களுக்குக்கூட அந்த ஊரில் நாடா என்றால் என்னவென்று தெரியும்.

"அவ மறக்கல" என்றார் ஆர்டிஸ். சத்தமாகத்தான் சொன்னார், ஜெபக் கூட்டத்தில் எழுந்து சொல்வது போல. "நான்தான் கட்டல. வேணும்னுதான் கட்டல. எனக்கு இந்தப் பூ புடிக்காது லோவெல். எப்பவுமே புடிச்சதில்ல."

லோவெலின் வாய் கொஞ்சம் திறந்திருந்தது. அவருடைய மூளை அந்த வாக்கியத்தைத் தூக்க முடியாமல் தூக்கிக்கொண்டிருந்தது முகத்திலேயே தெரிந்தது. கடைசியில் அவர் கேட்டது சின்னப் பையன் கேட்கிற மாதிரி இருந்தது. "ஒவ்வொரு ஜூலையும் மொதப் பூவ உனக்குத்தான ஆர்டிஸ் கொண்டாந்து வெப்பேன், பாத்திரம் கழுவுற தொட்டி மேல, கண்ணாடித் தம்ளர்ல?"

"ஆமா, வெப்பீங்க" என்றார் ஆர்டிஸ். "தெனமும் தண்ணி மாத்துனது நான்."

லோவெல் நாற்காலியைத் தேடிக் கையைப் பின்னால் துழாவி உட்கார்ந்தார். இதை நான்தான் இழுத்துத் தெருவில் போட்டேன், ஐந்து நிமிஷம் முன்னால் இந்த மனிதர் ஊரிலேயே பெரிய பாக்கியசாலி. சூரியன் கொட்டகைக் கூரைக்குப் பின்னால் போய்விட்டது. நிழல் விழுந்த இடத்தில் எல்லாம் குளிர் உடனே வந்து உட்கார்ந்தது.

பெவ்தான் முதலில் அசைந்தாள். பஸ்ஸில் நாற்பது பிள்ளைகளை மேய்க்கிறவளுக்கு இப்படி நேரங்களில் சும்மா நிற்கத் தெரியாது. தன் வாளியிலிருந்து அந்த ஊதாப் பூவை எடுத்துக்கொண்டு பழைய இடத்துக்குப் போய், செடிக்குப் பக்கத்தில் நின்று, பூவைத் தலைக்கு மேல் தூக்கினாள். "இது இங்கேருந்து எடுத்தது. எனக்கு நல்லா ஞாபகம் இருக்கு, இதோட மல்லுக்கட்டுனேன்ல" என்றாள். வென்டெலுக்குப் புரிந்துவிட்டது, பூ தன் செடிக்குப் பக்கத்தில் நின்றால் பெயர் எழுதிவிடலாம். அக்கார்டியனைக் கழற்றி வைத்துவிட்டு, தீ விபத்தில் கொடுக்கும் குரலில் உத்தரவு கொடுக்க ஆரம்பித்தார். "வெட்டுனவங்க எல்லாம் வெட்டுன எடத்துக்குப் போங்க! ஒரு செடிக்கு ஒரு பூ! காருல வச்சத எறக்குங்க!" ஊர் திரும்ப வரிசைகளுக்குள் போனது. எல்லோருக்கும் ஞாபகம் இருக்குமா என்ன? "இந்த மஞ்ச என்னுது, அங்கேருந்து", "பொய் சொல்லாத, நீ கிணத்தடியிலதான நின்ன" என்று சண்டை. குழந்தைகள்தான் உதவினார்கள். எந்தச் செடியில் தேனீ இருந்தது, எதில் சிலந்தி இருந்தது என்று அவர்களுக்குத் தெரிந்திருந்தது. கொஞ்ச நேரத்தில் மொட்டைத் தண்டுகள் இருந்த இடத்தில் எல்லாம் ஆள் நின்றது, ஒவ்வொரு கையிலும் ஒரு பூ. வாளியைக் காலடியில் வைத்துவிட்டு ஒரே ஆள் இரண்டு செடிக்கு நடுவே இரண்டு கையையும் தூக்கி நின்றதும் உண்டு.

நான் நாடாவோடு வண்டியிலிருந்து இறங்கிப் பெவ்விடம் போனேன். பேனா மூடியைப் பல்லால் கழற்றினேன். ஊதா, ஓரத்தில் வெள்ளை, இதழ் உள்பக்கமாகச் சுருண்டது. இதே ஊதாவில் எங்களிடம் ஏழெட்டு வகை உண்டு. எனக்குத் தெரியவில்லை. பக்கத்துப் பூ தெரிந்தது, எழுதிக் கட்டினேன். அதற்கடுத்து மூன்று தெரியவில்லை. வரிசையின் முடிவுவரை பார்த்தேன், தெரிந்ததைவிடத் தெரியாததுதான் மிக அதிகம். வேறு வழியில்லை. நிமிர்ந்து, தோட்டத்தின் குறுக்கே, "ஆர்டிஸ், இது என்ன பேரு?" என்று கேட்டேன்.

ஆர்டிஸ் மேசைக்குப் பின்னால்தான் நின்றுகொண்டிருந்தார். லோவெல் அவரைப் பார்க்கவில்லை, தன் கைத்தடியின் பிடியைப் பார்த்துக்கொண்டிருந்தார். ஆர்டிஸின் பார்வை பெவ்வின் பூவுக்கு வந்தது. அவருக்கு அது தெரியும், பார்த்த மாத்திரத்தில் தெரியும், உதடு அந்தப் பெயரின் முதல் எழுத்துக்கு லேசாகக் குவிந்ததை அத்தனை தூரத்திலும் கண்டேன். உடனே வாயை மூடிக்கொண்டார்.

"இன்னொரு தடவ கேக்காத லினெட்" என்றார். "கேட்டா சொல்லிருவேன்."

வரிசை நெடுக ஊர் பூவைத் தூக்கிப் பிடித்தபடி, நான் இன்னொரு தடவை கேட்பேனா என்று என்னைப் பார்த்துக்கொண்டிருந்தது. கை வலித்தவர்கள் கையை மாற்றிக்கொண்டார்கள், யாரும் இறக்கவில்லை. எல்லோருடைய வாயிலிருந்தும் மூச்சு வெள்ளையாக வரத் தொடங்கியிருந்தது.